ஏழாம் அத்தியாயம்: நீலனின் இரும்புத் தண்டு

கண்டி எசல பெரஹராவில் கடைசியாக வருவது பத்தினி தேவாலயத்தின் வரிசை. கசையடிக்காரர்களும் பந்தம் பிடிப்பவர்களும் தலதா மாளிகையின் யானைகளும் கடந்துபோய், நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் ஊர்வலங்களும் போன பிறகு, கால் கடுத்த கூட்டம் பாயைச் சுருட்டத் தொடங்கும் நேரத்தில் அது வரும். பெண்கள் நடக்கும் வரிசை அது. அந்தப் பத்தினி வேறு யாருமல்ல, மதுரையை எரித்த கண்ணகிதான். அவளுடைய சிலம்பு இந்த மலைநாட்டுக்கு எப்படி வந்தது என்று கண்டியில் விவரம் தெரிந்த ஒரு பெரியவரிடம் கேட்டால், கஜபாகு மன்னனின் கதையைச் சொல்வார்.

கதை இதுதான். அநுராதபுரத்தில் ஓரிரவு மாறுவேடத்தில் நகர் சுற்றும் கஜபாகு, ஒரு வீட்டுக்குள் விதவை ஒருத்தி அழுவதைக் கேட்கிறான். அவன் தந்தையின் காலத்தில் சோழன் படையெடுத்து வந்து, காவிரிக்குக் கரை கட்ட 12,000 பேரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். அதில் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அடக்கம். அரசன் அந்த வீட்டுக் கதவில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுவிட்டுத் திரும்புகிறான். பிறகு நீலன் என்ற மல்லனோடு கடற்கரைக்குப் போகிறான். நீலன் இரும்புத் தண்டால் கடலை அடிக்க, கடல் பிளந்து வழி விடுகிறது. சோழ நாட்டில் நீலன் யானையைத் தூக்கி யானையின் மேலேயே அடிக்கிறான். மன்னன் மணலைப் பிழிந்து தண்ணீர் வடிக்கிறான். வெலவெலத்துப்போன சோழன் 12,000 பேரையும் திருப்பித் தருவதோடு, ஈடாக இன்னொரு 12,000 பேரையும் கொடுக்கிறான். பத்தினியின் சிலம்பும் நான்கு தெய்வங்களின் ஆயுதங்களும் கூடவே வந்து சேர்கின்றன.

அந்த இரண்டாவது 12,000 பேர் குடியேற்றப்பட்ட ஊர்களின் பட்டியலை ராஜாவலிய என்ற சிங்கள நூல் தருகிறது. யட்டிநுவர, உடுநுவர, தும்பனை, ஹேவாஹெட்ட ஆகிய பெயர்கள் அதில் உண்டு. நான்கும் இன்றைய கண்டி மாவட்டத்துப் பெயர்கள். பேராதனை வழியாக கொழும்புக்கு பஸ் ஏறுகிறவர் அந்தப் பட்டியலின் நடுவே போய்க்கொண்டிருக்கிறார்.

வீரக் கதையை வரலாற்றுச் சாகச நாவலாக்கப் பழகுபவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கதை கிடைப்பது அரிது. கண்டியில் பிறந்த சித்திலெவ்வை 1885இலேயே 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் அது, சாகசக் கதையும்கூட. ஆனால் அவர் கண்போன இடம் எகிப்து. பத்து ஆண்டுகள் கழித்து, 1895இல், திருகோணமலைக்காரரான சரவணமுத்துப்பிள்ளை தமிழின் முதல் வரலாற்று நாவலான 'மோகனாங்கி'யை எழுதினார். அவர் கண்போன இடம் தமிழகத்து நாயக்கர் அரண்மனை. வீட்டு வாசலில் கதை கிடக்க, இரண்டு முன்னோடிகளும் அக்கரையைத்தான் பார்த்தார்கள்.

முதலில் சாட்சிகளை விசாரிக்க வேண்டும்

பேனாவை எடுக்குமுன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கதையை யார், எப்போது சொன்னார்கள் என்று அடுக்கிப் பார்ப்பது.

மகாவம்சம் கஜபாகுவுக்கு 22 ஆண்டு ஆட்சி தருகிறது. வரலாற்றாசிரியர்கள் அதை கி.பி. 114 முதல் 136 வரை என்று கணக்கிடுகிறார்கள். விகாரை கட்டியதையும் குளம் கொடுத்ததையும் சொல்லும் அந்த நூல், சோழ நாட்டுப் படையெடுப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. சிலப்பதிகாரத்தில் வரும் இலங்கை வேந்தன் கயவாகு, சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த விழாவுக்கு வந்த விருந்தாளி. ஊர் திரும்பி அவளுக்குக் கோட்டம் அமைத்து ஆடி மாதத்தில் விழா எடுக்கிறான். ராஜாவலியவில்தான் அவன் கடலைப் பிளக்கும் படைத்தலைவன். அந்த நூல் இன்றைய வடிவம் பெற்றது 17ஆம் நூற்றாண்டில். அரசன் இறந்து ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்.

ஒருவர் பேசவில்லை, ஒருவர் விருந்தாளி என்கிறார், ஒருவர் வெற்றிவீரன் என்கிறார். வரலாற்று மாணவருக்கு இது தலைவலி. நாவலாசிரியருக்கோ இதுதான் கரு. விருந்துக்கும் வெற்றிக்கும் நடுவே என்ன நடந்திருக்கும்? போர் என்று பாடப்பட்டது உண்மையில் பேரமாக இருந்திருக்கலாம். யானைத் தந்தமும் முத்தும் கொடுத்து, சோழ அதிகாரிகளோடு நாள்கணக்கில் வாதாடி, ஆள்களை மீட்டுக்கொண்டு வந்த ஒரு தூதுக்குழு. ஊர் திரும்பியதும் அரசவைப் பாணர்கள் அதை யானைப் போராக மாற்றிவிடுகிறார்கள். கூடப்போய் வந்தவன் ஒருவன் அந்தப் பாட்டை மண்டபத்தின் பின்வரிசையில் நின்று கேட்கிறான். நாவல் அங்கிருந்தே தொடங்கலாம்.

பேராதனையில் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1970இல் எழுதிய கட்டுரையொன்று இங்கே கட்டாயப் பாடம். கஜபாகு கதையை நடந்த போரின் நினைவாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது அவர் வாதம். தென்னிந்தியாவிலிருந்து பல காலகட்டங்களில் வந்து குடியேறிய மக்கள் இங்கே எப்படி இருக்கிறார்கள் என்பதற்கு மலைநாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்ட விளக்கம் அது என்கிறார். கேட்க வறட்சியாக இருக்கலாம். ஆனால் எழுதுபவருக்கு அது ஒரு சாவியைக் கொடுக்கிறது: கதையின் நிஜமான ஆள்கள் கஜபாகுவும் நீலனும் அல்லர், பட்டியலில் பெயரில்லாமல் வரும் அந்த இரண்டாவது 12,000 பேர்.

அற்புதத்துக்குள் ஒளிந்திருக்கும் வேலை

வீரக் கதையை 'யதார்த்தமாக' எழுதுகிறேன் என்று கிளம்பும் புதியவர் வழக்கமாக இரண்டு காரியம் செய்வார். அற்புதங்களை வெட்டி எறிவார். அந்த இடத்தில் இரத்தத்தை ஊற்றுவார். கடல் பிளக்காது, ஆனால் பக்கத்துக்கு மூன்று தலை உருளும். இப்படி எழுதிய நாவல் பழைய இராஜா ராணிக் கதையை விடவும் சீக்கிரம் அலுத்துவிடும். ஏனென்றால் வெட்டி எறிந்த அற்புதத்தில்தான் கதையின் உயிர் இருந்தது.

அற்புதம் என்பது பெரும்பாலும் மறந்துபோன ஒரு வேலை. அந்த வேலையைக் கண்டுபிடிப்பதே இந்த வகை எழுத்தின் கைத்தொழில்.

மணலைப் பிழிந்து நீர் எடுத்த அற்புதத்தை எடுத்துக்கொள்ளலாம். கோடையில் வற்றிய ஆற்றுப் படுகையில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் நீர் அள்ளிக் குடம் நிரப்பிய எவருக்கும் அதில் அதிசயமே இல்லை. எங்கே தோண்டினால் நல்ல நீர், எங்கே தோண்டினால் உவர் என்று தெரிந்தவன் ஒருவன் படையில் இருந்தான். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்ட மற்றவர்களுக்கு அவன் மணலைப் பிழிந்தவன்தான். அரசன் செய்ததாகக் கதை சொல்லும். வேலை செய்தவன் எவன் என்று நாவல் சொல்ல வேண்டும்.

கடலைப் பிளந்த தண்டு இன்னும் சுவையானது. மன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் மணல் திட்டுகள் சங்கிலியாகக் கிடக்கின்றன. சில நீருக்கு மேலே தெரியும், சில தெரியாது. திட்டுகளைச் சுற்றிக் கடலின் ஆழம் குறைவு, மணலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே தோணி விடுபவனுக்குத் தேவை ஆழம் பார்க்கும் ஒரு நீளக் கோல், நுனியில் இரும்புப் பூண். நீலனை ஐந்து ஆள் உயர மல்லனாக வைத்திருக்க வேண்டியதில்லை. திட்டுகளின் வழி தெரிந்த ஒரு கடலோடியாக அவனை ஆக்கினால், காட்சி இப்படி வரலாம்:

இரண்டாம் இரவு தோணி மணலில் தட்டியது. நீலன் இறங்கினான். தண்ணீர் முழங்கால் அளவு. கோலை முன்னால் குத்தினான். இரும்புப் பூண் சரக்கென்று இறங்கி நின்றது. இடப்பக்கம் குத்தினான். கோல் கைப்பிடி வரை போய்விட்டது. "வலது கையாலே வாங்க. இடது பக்கம் போறவனை நான் திரும்பி வந்து தேட மாட்டேன்" என்றான். பின்னால் முந்நூறு பேர். அரசன் பதினோராவது ஆளாக நடந்தான், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

இதில் தெய்வ சக்தி இல்லை. ஆனால் விடிந்ததும் கரையில் நின்று பார்த்த மீனவர்களுக்குக் கடல் மேல் ஒரு படை நடந்து வருவது தெரியும். அற்புதம் சாகவில்லை, பார்ப்பவர் கண்ணுக்கு இடம் மாறியிருக்கிறது.

ஆங்கிலத்தில் மேரி ரெனோ 1958இல் வெளியிட்ட 'தி கிங் மஸ்ட் டை' இதே வழியில் போன நாவல். கிரேக்க வீரன் தீசியஸ் அதில் பேருருவன் அல்லன். குட்டையான, இலேசான உடம்புக்காரன், அதனாலேயே காளை தாண்டுவதில் கெட்டிக்காரன். மனித உடம்பும் மாட்டுத் தலையும் கொண்ட அசுரன் அங்கே காளை முகமூடி அணிந்த ஒரு மனிதனாகிவிடுகிறான். பெர்னார்ட் கார்ன்வெல் ஆர்தர் மன்னனைப் பற்றி 1995இல் தொடங்கிய மூன்று நாவல் வரிசையில், கதை சொல்பவன் அரசன் அல்லன். கை ஒன்றை இழந்து மடத்தில் துறவியாக முதுமை கழிக்கும் பழைய போர்வீரன் டெர்ஃபல். மெர்லினின் மந்திரம் பலித்ததா, தற்செயலா என்று அவனுக்கே நிச்சயமில்லை. தமிழில் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களில் புதுச்சேரியை துபாஷ் ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு வழியாகப் பார்த்தார். மூவரும் ஒன்றைப் புரிந்துகொண்டவர்கள்: அரியணைக்கு மேலே நின்று பார்த்தால் தூசி தெரியாது.

கஜபாகு கதைக்கு அப்படியொரு கண் வேண்டுமானால் அந்த விதவையிடமே போகலாம். கதவில் சுண்ணாம்புக் குறி விழுந்த இரவை நினைத்துப் பார்க்க வேண்டும். கதை அதை அரசனின் கருணையாகச் சொல்கிறது. ஆனால் அதிகாலையில் எழுந்து வாசல் தெளிக்கப்போன ஏழைப் பெண்ணுக்கு, தன் கதவில் மட்டும் யாரோ குறி போட்டிருப்பது தெரிந்தால் வயிறு கலங்காதா? அயலவர்கள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிடுவார்கள். ஒருத்தி இரகசியமாகச் சாணி கொண்டுவந்து, "அழிச்சிடு அக்கா" என்பாள். அழித்தால் அது குற்றமா, அழிக்காவிட்டால் ஆபத்தா? கடலைப் பிளப்பதை விட இந்த ஒரு காலைப்பொழுதில் கூடுதல் சாகசம் இருக்கிறது.

அவளுடைய இரண்டு பிள்ளைகளில் ஒருவன் திரும்பி வர விரும்பவில்லை என்று வைத்துக்கொண்டால் கதை இன்னும் முறுகும். ஆண்டுக்கணக்கில் காவிரிக் கரையில் மண் சுமந்தவன் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டியிருப்பான், குழந்தை பிறந்திருக்கும். ஒருநாள் 'விடுதலை' வந்து அவனைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறது. அதே தோணியில் அவனுக்குப் பக்கத்தில் புதிதாகப் பிடிபட்ட சோழ நாட்டுக்காரன் ஒருவன். இருவருக்கும் ஒரே அளவு கஞ்சி. யார் மீட்கப்பட்டவன், யார் சிறைப்பட்டவன் என்று காவலனுக்கே குழப்பம் வரும்.

அரிசிக் கணக்கு

கதை பன்னிரண்டாயிரம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். எழுதுபவர் அவர்களுக்குச் சோறு போட்டாக வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி என்றால், 12,000 பேருக்கு ஒரு நாளைக்கு 6,000 கிலோ. மாந்தைத் துறையிலிருந்து உடுநுவர மலைக்கு, கூட்டத்தோடு நடந்து 20 நாள் என்று வைத்தால் 120,000 கிலோ. பொதிமாடு ஒன்று 100 கிலோ சுமக்கும் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 1,200 மாடு. மலைநாட்டில் தவளம் என்று சொல்லும் பொதிமாட்டு வரிசைகளைத் தலைமுறை தலைமுறையாக ஓட்டியவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள். இருவர் இருவராக, ஒரு மீட்டர் இடைவெளியில் நடந்தாலும் ஊர்வலத்தின் நீளம் ஆறு கிலோமீட்டர்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எழுதுபவருக்கு இரண்டு வழி. எண்ணைக் குறைத்து 1,200 ஆக்கலாம், 12,000 என்பதை ஊர் வாய் பெருக்கியதாகக் காட்டலாம். அல்லது அந்தப் பன்னிரண்டாயிரத்தையும் நடக்கவிட்டு, அரிசி முடிந்துபோன ஒன்பதாம் நாளை எழுதலாம். இரண்டாவது கடினம், ஆனால் இரண்டாவதுதான் நாவல்.

உடம்பின் விவரங்களுக்குக் கண்டி வரலாறு ஒரு களஞ்சியம். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், தப்பிப்போய் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் மழைக்காலத்து அட்டைகளிலிருந்து முள்வாயில்கள் வரை எழுதியிருக்கிறார். வாயில் காவலைக் கடக்க அன்று களிமண் முத்திரை காட்ட வேண்டும். படைவீரன் என்றால் தோளில் ஈட்டி ஏந்திய மனித உருவம், கூலிக்காரன் என்றால் காவடித் தடியில் இரண்டு பொதி தொங்கும் உருவம், வெள்ளைக்காரன் என்றால் தொப்பியும் வாளும் வைத்த உருவம். எழுத்தறிவில்லாத காவலனும் படித்துவிடக்கூடிய கடவுச்சீட்டு. தவறான முத்திரையோடு வாயிலில் நிற்கும் ஒருவனை வைத்து ஓர் அத்தியாயமே எழுதலாம். இன்னொன்று, கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன். 1804இல் பல பக்கமிருந்தும் கண்டியைத் தாக்கும் ஆங்கிலேயரின் திட்டம் கைவிடப்பட்டது. கட்டளையைத் தவறாகப் புரிந்துகொண்ட அவர் மட்டும் சுமார் 300 பேரோடு மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு, கண்டிக்குள் தனியாக வந்து நின்றார். மற்றப் படைகள் எங்கே? வரவே போவதில்லை. திருகோணமலை வரை அவர் சண்டையிட்டுக்கொண்டே பின்வாங்கிய கதையை 1810இல் அவரே அச்சிட்டார். காடு, பசி, தூக்குக்கட்டிலில் காயம்பட்டவர், புதருக்குள்ளிருந்து வரும் வெடி: எல்லாம் அதில் உண்டு.

வெடியை மட்டும் கஜபாகு காலத்துக்குக் கடத்திவிடக்கூடாது. அட்டையையும் சேற்றையும் தாராளமாகக் கடத்தலாம்.

யார் சொன்ன இரத்தம்

இந்த வகை நாவலுக்கு வன்முறை தேவை. ஆனால் ஆவணங்களில் கிடக்கும் ஒவ்வொரு சொட்டு இரத்தத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார்.

1814 மே மாதம் கண்டியில் அமைச்சர் எஹலப்பொலவின் குடும்பம் அரசனின் கட்டளைப்படி கொல்லப்பட்டது. மூத்தவன் அஞ்சி ஒதுங்க, இளையவன் மத்தும பண்டார முன்வந்து கழுத்தைக் கொடுத்ததும், பிள்ளைகளின் தலைகளை உரலில் இட்டு இடிக்கும்படி தாய் கட்டாயப்படுத்தப்பட்டதும், பிறகு அவர் போகம்பர வாவியில் மூழ்கடிக்கப்பட்டதும் இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகள் அறிந்த கதை. அதை உலகறியச் செய்த முக்கியமான நூல் ஜோன் டேவி 1821இல் வெளியிட்டது. டேவி இலங்கைக்கு வந்தது 1816இல். அவர் கேட்டெழுதியவர், கண்டவர் அல்லர். அதற்கு முன்பே, 1815 தொடக்கத்தில், ஆங்கிலேய ஆளுநர் பிரவுன்றிக் அரசனின் கொடுமைகளை அடுக்கிப் பிரகடனம் வெளியிட்டு, அதையே படையெடுப்புக்கு நியாயமாகக் காட்டியிருந்தார். கண்டியரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனைக் கொடுங்கோலனாகக் காட்டுவதில் வென்றவர்களுக்கு ஆதாயம் இருந்தது. அந்தப் படிமம் எப்படிக் கட்டப்பட்டது என்பதை ஒபேசேகர 2017இல் வெளியிட்ட 'தி டூம்ட் கிங்' நூலில் விரிவாக ஆராய்கிறார்.

அதற்காக அந்தக் கொலைகள் நடக்கவில்லை என்று எழுதிவிட முடியாது. அந்தக் காட்சியை எழுதுபவர், அதை ஒரு சாட்சியின் வாயிலிருந்து எழுதினால் போதும். அந்தச் சாட்சிக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்பதையும் வாசகர் பார்க்கும்படி வைத்தால் போதும். ஒற்றர்கள் தந்த செய்திகளை நாட்குறிப்பில் நாள் தவறாமல் எழுதிவைத்த ஜோன் டொயிலி என்ற ஆங்கில அதிகாரி, இந்த நாவலுக்காகவே பிறந்த பாத்திரம்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். 1803 ஜூனில் மேஜர் டேவியின் (நூலெழுதிய டேவி அல்லர், வேறொருவர்) ஆங்கிலப் படை கண்டியில் சரணடைந்தது. பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்கத் தெப்பமில்லாமல் வட்டபுலுவவில் தவித்தது. ஆயுதத்தைக் கீழே வைத்த பின் கொல்லப்பட்டது. இரண்டு மாதத்துக்குள், ஆகஸ்டில், கண்டியரசனுக்குத் துணையான பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். அக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் அவன் தோற்கடிக்கப்பட்டதை ஆங்கிலேயர் கல்லில் பொறித்து வைத்தார்கள். மக்கள் வழக்கில் அவன் அங்கேயே வீழ்ந்த வீரன். ஆவணங்களில் அதற்குப் பின்னும் வன்னிக் காட்டில் அவன் நடமாட்டம் தெரிகிறது. முல்லைமணியின் நாடகமும் மு. கருணாநிதியின் 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' நாவலும் வீழும் வீரனின் பக்கம் நின்றன. தோற்ற பிறகும் ஏழெட்டு ஆண்டுகள் காட்டில் ஒளிந்து, காயத்தோடும் கடனோடும் பழைய கூட்டாளிகளின் சலிப்போடும் வாழ்ந்த வன்னியனை எழுதுவதற்கு நிறைய இடம் மிச்சமிருக்கிறது. கூத்து மேடைக்கு அந்தக் கதை உதவாது. நாவலுக்கு அதுவே உகந்தது.

மிளகாய், கதிரை, 'அரசே'

காலத்துக்குப் பொருந்தாத பண்டங்கள் எழுதுபவரைக் காட்டிக்கொடுக்கும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டுச் சமையலறையில் மிளகாய் இல்லை. அது போர்த்துக்கேயரோடு வந்தது. தக்காளி, மரவள்ளி, பப்பாசி, முந்திரி, புகையிலை எதுவுமில்லை. உறைப்புக்கு மிளகு, இனிப்புக்குக் கித்துள் கருப்பட்டி, வயிற்றுக்குக் குரக்கனும் நெல்லும். மலைச்சரிவில் தேயிலை இருக்கவே கூடாது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் அதைப் பயிரிட்டது 1867இல். கண்டி நகரமும் கிடையாது. அது தலைநகரமாக எழும்ப இன்னும் பதின்மூன்று நூற்றாண்டுகள் ஆகும். மலைகள், காடு, ஆறு, இங்கொன்று அங்கொன்றாகக் குடிகள்: அவ்வளவுதான்.

பண்டத்தைவிடச் சொல் ஆபத்தானது. நீலனின் தண்டை ஈழத்து வாசகருக்குப் புரிய 'அலவாங்கு' என்று எழுதத் தோன்றும். அந்தச் சொல்லே போர்த்துக்கேயம். கதிரை, மேசை, சாவி, அலமாரி, ஜன்னல் எல்லாம் அதே கப்பலில் வந்தவை. கதை சொல்பவரின் நடையில் அவை வரலாம். பாத்திரத்தின் வாயில் வந்தால் கூர்ந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

அடுத்தது பேச்சு. 'அரசே, தங்கள் சித்தம் என் பாக்கியம்' என்ற பாணி தமிழ்ச் சினிமாவின் சொத்து, அதை அங்கேயே விட்டுவிடலாம். அதற்காக எல்லோரையும் இன்றைய கண்டி பஸ் நிலையத்துத் தமிழில் பேசவிட்டாலும் எடுபடாது. குறுகிய வாக்கியம், வேலைச் சொற்கள், உறவுமுறை விளிகள். இந்த மூன்றும் போதும். படகோட்டி அரசனிடம் பேசும்போது மரியாதை விகுதியில் இருந்தால் போதாது, அவன் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்பதில் இருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கஜபாகுவின் பெயரை இன்றைய மேடைகளில் இரண்டு பக்கத்தாரும் தத்தம் வசதிக்கு இழுக்கிறார்கள். அந்தக் காலத்து உழவனோ கடலோடியோ தன்னை அறிந்தது ஊரால், குலத்தால், தொழிலால், வணங்கிய தெய்வத்தால். அவன் தலையில் இருபதாம் நூற்றாண்டின் இனச் சண்டையை ஏற்றினால் நாவல் துண்டுப்பிரசுரமாகிவிடும். காவிரிக் கரையில் மண் சுமந்தவனும் உடுநுவரவில் வரப்பு வெட்டியவனும் தோள் காய்ப்பைக் காட்டியே ஒருவரையொருவர் அடையாளம் கண்டிருப்பார்கள்.

பயிற்சி

உடுநுவரவில் 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையைக் கட்டியவர் கணேஸ்வராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. அதே காலத்து லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. கஜபாகு கதை பன்னிரண்டாயிரம் பேரைக் கொண்டுவந்து இறக்கிய அதே மண் இது. கண்டியிலிருந்து பிலிமத்தலாவை போய், தவுலகல வீதியில் திரும்பினால் இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறை மேல் ஏற வேண்டும். பத்து மணிக்குமேல் போனால் கால் சுடும்.

பார்த்துத் திரும்பிய அன்றே 500 சொல்லில் ஒரு காட்சி எழுதுங்கள். பிடிபட்டு வந்தவர்கள் இந்தச் சரிவில் கழிக்கும் முதல் இரவு. மழை. அட்டை. அரிசி ஈரம். கஜபாகு என்ற பெயரும் நீலன் என்ற பெயரும் ஓரிடத்திலும் வரக்கூடாது. சிலம்பு வரலாம், ஆனால் அதை யாரும் கண்ணால் பார்த்திருக்கக்கூடாது.